மூன்றாவது சத்தம்

சிமெண்ட் ஆலையின் சரக்கு யார்டில் அவளை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இடுப்பு பெல்ட்டில் ஐந்து மீட்டர் டேப் ஒன்று எப்போதும் தொங்கும். பெட்டிகளின் சக்கரத் தேய்மானம், பிரேக் கட்டையின் கனம், கப்ளிங்கின் உயரம், எதையும் அளந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். கணவர் தையற்காரர். அவர் கழுத்திலும் ஒரு டேப். "ரெண்டு பேரும் அளவெடுத்துப் பாத்துத்தான் கல்யாணம் பண்ணியிருப்பாங்க" என்று யார்டில் ஒரு கேலி உண்டு. அவளுக்கு அது பிடிக்கும். அவளே புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

கல்லூரியில் இரண்டு வருடம் இயற்பியல் படித்தாள். அப்பா படுத்த படுக்கையானதும் படிப்பு நின்றது. வேலைக்கு வந்து பத்தொன்பது வருடம். காலியாக வரும் ஒவ்வொரு சரக்குப் பெட்டியையும் சுற்றி வந்து பார்த்து, சரியாக இருந்தால் பக்கவாட்டில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுக் கையெழுத்திடுவாள். அந்த வட்டம் இல்லாத பெட்டியை எஞ்சின் தொடாது. விபத்து நடந்தால் இடத்தை அளந்து அறிக்கை எழுதுவதும் அவள் வேலைதான். அவள் அறிக்கையை மறுத்து யாரும் பேசியதில்லை. அளவு சொன்னால் அளவுதான்.

அவள் எழுதியதில் தவறாகப் போன அறிக்கை ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இது.

ஏழாம் லைன் ஒரு முட்டுச் சந்து மாதிரி. தண்டவாளம் முடிகிற இடத்தில் கனமான கட்டைகளை அடுக்கி ஒரு தடுப்பு. அதற்குப் பின்னால் ஃபிட்டர்கள் உட்கார்ந்து ஓய்வெடுக்கும் அறை. தடுப்பிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி ஒரு காலிப் பெட்டி நின்றிருந்தது. அதனோடு இன்னொரு காலிப் பெட்டியைச் சேர்க்க வேண்டும். வழக்கமான வேலைதான். எஞ்சின் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஓரிடத்தில் விட்டுவிடும். பெட்டி தானாக உருண்டு போய் நிற்கிற பெட்டியை இடிக்கும். இரண்டு பெட்டிகளின் முனையிலும் விரல் மடக்கிய கை போன்ற இரும்புக் கப்ளிங் இருக்கிறது. இடித்ததும் இரண்டு கைகளும் கோத்துக்கொள்ளும், உள்ளே ஒரு பின் விழுந்து பூட்டிக்கொள்ளும்.

அன்று காலை பனிமூட்டம். பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியவில்லை. எஞ்சின் டிரைவர் பெட்டியை விட்டார். இடித்த சத்தம் கேட்டது. நின்றிருந்த பெட்டியின் சக்கரத்துக்குக் கொடுத்திருந்த மரக்கட்டை தெறித்துப் போய், பெட்டி உருண்டது. தடுப்பை உடைத்து, ஃபிட்டர்களின் அறைச் சுவரில் மோதி நின்றது. உள்ளே ஒரே ஒருவர் இருந்தார். அவர் தோள் எலும்பு முறிந்தது. ஆட்கள் பனியில் தடவித் தடவி ஓடி வந்தபோது, உடைந்த சுவருக்கு முன்னால் இரண்டு பெட்டிகளும் ஒன்றோடொன்று பூட்டியபடி நின்றன. அரை மணி நேரம் கழித்து டேப் அக்கா வந்து பார்த்ததும் அதைத்தான்.

எஞ்சினில் வேகமானி செத்துப்போய் வருடக்கணக்காகிறது. ஆனால் எடைமேடை அறையின் தொலைபேசி பேச்செல்லாம் பதிவாகும். அங்கிருந்த எடை குமாஸ்தா அந்த நேரத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பதிவில் முதல் இடியும் கேட்டது, தடுப்பு உடைந்ததும் கேட்டது. நடுவில் நாற்பது விநாடி.

அவளுக்கு அது போதும். அறுபது மீட்டரை நாற்பது விநாடியில் கடந்தால் விநாடிக்கு ஒன்றரை மீட்டர். ஏழாம் லைனில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு உண்டு. சக்கரத்தின் உராய்வு தின்பதை அது ஈடுகட்டிவிடும், வேகம் மாறாது. ஒரே எடையுள்ள இரண்டு பெட்டிகள் ஒட்டிக்கொண்டு போனால், இடித்த பெட்டியின் வேகம் இரண்டுக்கும் பாதிப் பாதியாகப் பங்காகும். அப்படியானால் இடிப்பதற்கு முன் அந்தப் பெட்டி விநாடிக்கு மூன்று மீட்டர் வந்திருக்க வேண்டும். மணிக்குக் கிட்டத்தட்ட பதினோரு கிலோமீட்டர். யார்டில் அனுமதி எட்டு.

விசாரணையில் டிரைவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நான் மெதுவாத்தான் விட்டேன் அக்கா. இடிச்ச சத்தம் கேட்டுச்சு. பின் விழுந்த சத்தம் எனக்குக் கேக்கல."

"ரெண்டும் பூட்டியிருந்ததை நானே கண்ணால பாத்தேன்" என்றாள் அவள்.

 எஞ்சினிலிருந்து டிரைவரை இறக்கி, குழாயைப் பிடித்துப் பெட்டி கழுவும் வேலையில் போட்டார்கள். தோள் முறிந்த ஃபிட்டர் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. ஒரே வீட்டில் டிரைவர் குடும்பம் கீழே, ஃபிட்டர் குடும்பம் மாடியில். அறிக்கை வந்த வாரத்தில் ஃபிட்டர் தன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போய்விட்டார். "அவசரத்துல என்னக் கொல்லப் பாத்தாரு" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். டிரைவரின் மனைவி இரண்டு பக்கமும் பேச முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டாள். தம்பி குழந்தைகளைப் பள்ளி வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவாளாம். இதெல்லாம் டேப் அக்கா காதுக்கும் வந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தன் கணக்கைப் பற்றி ஒரு நொடிகூட அவள் சந்தேகப்படவில்லை.

பதினான்கு மாதம் போனது.

எடைமேடை அறைக்குப் புதிய தொலைபேசி வைத்தார்கள். பழைய பதிவுகளைப் பார்த்து, வேண்டாததை அழிக்கச் சொல்லி எடை குமாஸ்தாவுக்கு உத்தரவு. அவர் ஒருநாள் மதியம் டேப் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க கேஸ் ஒண்ணு இதுல கெடக்கு அக்கா. அழிச்சிடவா, வேணுமா?"

"விசாரணையிலதான் கேட்டோமே."

"அது ஒரு நிமிஷத்துத் துண்டு. தடுப்பு உடையிற வரைக்கும் வெட்டி எடுத்தாங்க. இது முழுசு. நான் ரிசீவரை அப்படியே போட்டுட்டு வெளியே ஓடிட்டேன் பாருங்க, அது பாட்டுக்கு ஓடியிருக்கு."

வேலை எதுவும் அவசரமாக இல்லை. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். குமாஸ்தாவின் குரல், பின்னால் முதல் இடி. நாற்பது விநாடி அவர் பாட்டுக்குப் பெட்டி எண்களைப் படிக்கிறார். பிறகு கட்டைகள் உடைகிற சத்தம். "ஐயோ, என்னவோ இடிஞ்சுடுச்சு, லைன்ல இருங்க" என்கிறார். நாற்காலி நகர்கிறது, கதவு அடிக்கிறது. அப்புறம் யாருமில்லாத அறையின் மின்விசிறிச் சத்தம். தொலைவில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள்.

ஹெட்போனைக் கழற்றக் கையைத் தூக்கினாள். அப்போது தூரத்தில், மெல்லிசாக, 'ணங்' என்று ஒன்று கேட்டது.

பத்தொன்பது வருடமாகத் தினமும் கேட்கிற சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவாள். மறுபடி போட்டாள். மறுபடியும். நான்காவது தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். தடுப்பு உடைந்து எண்பதாவது விநாடியில் வந்தது.

"என்ன அக்கா சத்தம் அது?"

"பின் விழுந்த சத்தம்" என்றாள். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

பின் அப்போதுதான் விழுந்தது என்றால், அதுவரை இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளவே இல்லை. டிரைவர் சொன்னதுதான் சரி. முதல் இடியில் பெட்டிகள் கோத்துக்கொள்ளாமல் ஒன்றையொன்று தள்ளிவிட்டிருக்கின்றன. நின்ற பெட்டி வேகமாக முன்னே ஓடிப் போய்ச் சுவரில் முட்டியது. இடித்த பெட்டி தன் வேகத்தில் பெரும்பங்கை அதற்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்ததை வைத்துக்கொண்டு பனிக்குள் யாருக்கும் தெரியாமல் ஊர்ந்து வந்து, கடைசியில் மெல்ல முட்டிப் பூட்டிக்கொண்டது.

எடைச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினாள். முன்னே ஓடிய பெட்டி விநாடிக்கு ஒன்றரை மீட்டர். ஊர்ந்து வந்த பெட்டி அறுபது மீட்டரைக் கடக்க எடுத்தது நாற்பதும் எண்பதும் சேர்த்து நூற்றிருபது விநாடி, அதாவது விநாடிக்கு அரை மீட்டர். எடை சமமென்பதால் இரண்டையும் கூட்டினால் போதும். இரண்டு மீட்டர். மணிக்கு ஏழு கிலோமீட்டரும் கொஞ்சமும். எட்டுக்குக் கீழே.

பென்சிலைக் கீழே வைக்கும்போதே அடுத்த கேள்வி வந்து நின்றது. பின் ஏன் விழவில்லை?

சிமெண்ட் ஆலையில் அதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. தூசி. பின் ஓடும் துளையில் சிமெண்ட் படிந்து இறுகிவிட்டால் சிக்கும். பெரிய அதிர்ச்சி ஒன்று குலுக்கிய பிறகு இளகிவிடும். பெட்டியைச் சோதிக்கிறவர் பின்னைக் கையால் தூக்கிப் பார்த்து, ஓடுகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். சுவரில் மோதிய பெட்டியை விபத்துக்கு மூன்று நாள் முன்பு சோதித்தவர் அவள்தான். 'கப்ளிங் பின்' என்ற கட்டத்தில் அவள் போட்ட டிக். அன்று நாற்பத்தாறு பெட்டி பார்த்திருக்கிறாள். அந்தப் பின்னைத் தூக்கிப் பார்த்தாளா, எட்டி ஒரு உதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனாளா, எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் கணவர் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை மிஷினை மிதிக்கவில்லை.

"இதைச் சொன்னா உன் பேரும் உள்ள வருமா?"

"என் பேருதான் முதல்ல வரும்."

"சொல்லலைன்னா?"

"அவரு பெட்டி கழுவிக்கிட்டே இருப்பாரு."

அவர் கொஞ்ச நேரம் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தப்பா வெட்டின துணியையாவது தூக்கிப் போட்டுட்டு வேற எடுக்கலாம். இதுல ஒரு ஆளுல்ல மாட்டியிருக்காரு" என்றார். பிறகு மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். அவள் மறுநாள் காலை யார்டு சூப்பரிண்டெண்டைப் பார்க்கப் போனாள்.

அவர் நல்ல மனிதர்தான், ஆனால் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. "முடிஞ்சுபோன விஷயம்மா. எதுக்குக் கிளறணும்?"

"கிளறல சார். தப்பா எழுதினதைத் திருத்தணும்."

"பெட்டி ரெண்டும் பூட்டித்தானே நின்னுச்சு? நானும் பாத்தேனே."

"நாம பாத்தது கடைசியில. இடிக்கும்போது என்ன நடந்துச்சுன்னு ரெண்டு பேருமே பாக்கல." அவர் மேசையில் கிடந்த இரண்டு பேனா மூடிகளை எடுத்து எதிரெதிரே வைத்தாள். "மோதல் ரெண்டு வகை சார். ஒண்ணு, இடிச்சதும் ஒட்டிக்கிறது. புத்தகத்துல மீட்சியற்ற மோதல்னு போட்டிருக்கும். ரெண்டும் சேந்து பாதி வேகத்துல போகும். இன்னொண்ணு மீட்சி மோதல். இடிச்சதும் துள்ளி விலகிடும். வந்தது அப்படியே நின்னுடும், நின்னது முழு வேகத்தையும் வாங்கிட்டு ஓடும். ரெண்டுலயும் உந்தம், அதாவது எடையை வேகத்தால பெருக்கி வர்றது, மொத்தத்துல குறையவும் குறையாது, அதிகமாவும் ஆகாது. ஆனா ஒட்டிக்கிறப்ப இயக்க ஆற்றல்ல ஒரு பங்கு சத்தமாவும் சூடாவும் நசுங்கலாவும் போயிடும். துள்ளுறதுல அது போகாது. எது நடந்துச்சுன்னு தெரியாம, கடைசியில இருந்த வேகத்தை வச்சு முதல் வேகத்தைச் சொல்ல முடியாது. நான் ஒட்டிக்கிச்சுன்னு முடிவு பண்ணிட்டுக் கணக்குப் போட்டேன். பதினொண்ணு வந்துச்சு. ஆனா அங்க நடந்தது ரெண்டுக்கும் நடுவுல. கொஞ்சம் துள்ளியிருக்கு, கொஞ்சம் வீணாயிருக்கு. அப்படிப் பாத்தா ஏழுதான்."

அவர் பேனா மூடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேச்சுல எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"அப்போ செஞ்சு பாத்துடலாம் சார். ஒரு ஞாயித்துக்கிழமை, ரெண்டு காலிப் பெட்டி, ஏழாம் லைன்."

எஞ்சினை யார் ஓட்டுவது என்று பேச்சு வந்தபோது, பழைய டிரைவர்தான் ஓட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அதைச் சொல்ல அவரைத் தேடிக் கழுவும் இடத்துக்குப் போனாள். முழங்கால் வரை பூட்ஸ், கையில் குழாய். அவள் சொன்னதை எல்லாம் குழாயை மூடாமலே கேட்டார். தண்ணீர் சும்மா தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

"சொன்னீங்க. நான் கேக்கல."

"ஞாயித்துக்கிழமை எத்தன மணிக்கு மேடம்?"

பழையபடி அக்கா என்று கூப்பிடவில்லை என்பதைக் கவனித்தாள். 

ஞாயிறு மதியம் வெயில் பளீரென்று அடித்தது. லைன் முடிவில் ரப்பர் மெத்தைகளை அடுக்கியிருந்தார்கள். கூப்பிடாத ஒருவரும் வந்திருந்தார். ஃபிட்டர், ஒரு தோளைச் சற்று உயர்த்தி வைத்தபடி, மறுபடி கட்டிய சுவருக்குப் பக்கத்தில் தனியாக நின்றார்.

முதலில் பின் நன்றாக ஓடும் பெட்டிகள். டிரைவர் படியில் காலை வைத்தவர் ஒரு கணம் தயங்கி, பிறகு ஏறினார். இடிப்பதற்கு முந்தைய பத்து மீட்டரைப் பெட்டி ஐந்து விநாடியில், அதாவது விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில், கடக்கும்படி விட்டார். பதினான்கு மாதத்துக்குப் பிறகும் கை தவறவில்லை. இடியும் 'ணங்'கும் ஒரே நேரத்தில் கேட்டன. இரண்டு பெட்டிகளும் சேர்ந்து உருண்டு, அறுபத்தோரு விநாடியில் மெத்தையைத் தொட்டன.

அடுத்து, பின் விழாதபடி கம்பியால் லேசாகக் கட்டினாள். மெத்தையில் முட்டும்போது அறுந்துவிடுகிற அளவுக்கு மெல்லிய கம்பி. அதே வேகம், அதே பத்து மீட்டருக்கு ஐந்து விநாடி. இம்முறை இடி வேறு மாதிரி, வெறும் இரும்பு அதிர்ந்தது. நின்ற பெட்டி விருட்டென்று கிளம்பிப் போனது. இடித்த பெட்டி சோம்பேறி மாதிரி பின்னால் ஊர்ந்தது. முதலாவது நாற்பத்திரண்டு விநாடியில் மெத்தையில் மோதியது. பிறகு எல்லோரும் நின்று அந்த இன்னொரு பெட்டி வருவதையே பார்த்தார்கள்.  ஒரு நிமிடத்துக்கும் மேலாக அது வந்துகொண்டே இருந்தது. நூற்றிப்பதினெட்டாவது விநாடியில் முட்டியது.

ணங்.

"ஒரே வேகத்துல விட்டாரு" என்றார் சூப்பரிண்டெண்ட், தனக்குத்தானே. "ஒண்ணு அறுபது, ஒண்ணு நாப்பது."

ஃபிட்டர் சுவரை விட்டு நகர்ந்து வந்தார்.  "சார், நான் ஒண்ணு சொல்லணும். சுவர் விழுந்து நான் அடியில கெடந்தப்ப, பெட்டி இன்னொரு தடவ அசைஞ்சுச்சு. லேசா. இதே சத்தம். பயத்துல அப்படித் தோணுதுன்னு நெனச்சேன். யாருகிட்டயும் சொல்லல."

"விசாரணையில கேட்டாங்களே?"

"அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னுதான் கேட்டாங்க. அப்புறம் என்ன நடந்துச்சுன்னு யாரும் கேக்கல."

டிரைவர் எஞ்சினை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். ஃபிட்டர் திரும்பி, "மாமா" என்றார். 

டிரைவர் அவரையே பார்த்தார். "தோள் எப்படி இருக்கு?"

"மழ வந்தா வலிக்கும்."

"ம்" என்றார் டிரைவர். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, பூட்டிக்கிடந்த பெட்டிகளைப் பார்த்தார்கள். ஃபிட்டர் மறுபடி மாடிக்குக் குடிவரவில்லை, எடுத்த வீட்டிலேயே இருந்துவிட்டார். ஆனால் அந்த வாரமே அவருடைய குழந்தைகள் பள்ளி விட்டதும் நேராக அத்தை வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள் என்று கேள்வி.

டேப் அக்கா புதிய அறிக்கையை எழுதினாள். வேகம் ஏழு. காரணம், பின் விழாதது. பெட்டியைச் சோதித்தவர் என்ற இடத்தில் தன் பெயரைத் தெளிவாக எழுதினாள். டிரைவருக்கு எஞ்சின் திரும்பக் கிடைத்தது. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. சோதனை வேலையிலிருந்து எடுத்து, உதிரிச் சாமான் ஸ்டோருக்கு மாற்றினார்கள். பெட்டிகளுக்கு நடுவே வெயிலில் நடந்தே பழகியவளுக்குக் கம்பி வலைக்குப் பின்னால் உட்காருவது முதலில் ஜெயில் மாதிரி இருந்தது. அநியாயம் என்று சிலர் அவளுக்காகப் பேசினார்கள். அவள் அப்படி நினைக்கவில்லை. நினைவுக்கே வராத அந்த ஒரு டிக்குக்கு இது அதிகமில்லை என்றுதான் அவளுக்குப் பட்டது.

எஞ்சின் தினமும் ஸ்டோர் ஜன்னலைத் தாண்டித்தான் போகும். டிரைவர் பார்ப்பார், தலையை அசைக்க மாட்டார். இரண்டு மூன்று மாதம் அப்படியே போனது. ஒருநாள் முன்விளக்குக்கு பல்பு வேண்டுமென்று அவரே வந்து வலைக்கு வெளியே நின்றார். அவள் எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவர் போகவில்லை.

"ஒரு சந்தேகம் மேடம். இடிச்ச பெட்டி முழுசா நிக்காம ஏன் பின்னாடியே வந்துச்சு?"

"கப்ளிங்குக்குப் பின்னாடி ஸ்பிரிங் இருக்கில்ல, அது பழசு. வாங்கின அடியை முழுசாத் திருப்பிக் கொடுக்கல. கொஞ்சத்தைச் சூடாக்கித் தானே முழுங்கிடுச்சு. அதனால இது கொஞ்சம் வேகத்தைத் தன்கிட்டயே வச்சுக்கிச்சு."

"புது ஸ்பிரிங்கா இருந்தா?"

"எவ்வளவு புதுசா இருந்தாலும் கொஞ்சமாவது முழுங்கும். ஆனா ஒரு பேச்சுக்கு, முழுசாத் துள்ளுச்சுன்னு வைங்க. இது இடிச்ச இடத்துலயே நின்னிருக்கும். பெட்டி ரெண்டும் தள்ளித் தள்ளி நிக்கிறதை அன்னிக்கே எல்லாரும் பாத்திருப்பாங்க. உங்களை யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது."

"அந்த மூணாவது சத்தம்?"

"இருந்திருக்காது. தேவையும் பட்டிருக்காது."

அவர் பல்பை வெளிச்சத்தில் தூக்கி, உள்ளே கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்த்தார். "அப்போ பழைய ஸ்பிரிங்தான் என்னை மாட்டி விட்டுச்சு. அதேதான் வெளியேயும் எடுத்துச்சு."

"அப்படித்தான்."

"நடுவுல நீங்க" என்றார். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. பதிவேட்டை வலைக்கடியில் இழுத்து, பல்பு ஒன்று பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எஞ்சினை நோக்கி நடந்தார்.